வி.ஏ. (அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை) மருத்துவமனையில் தன்னார்வப் பணி: 4/5

தமிழ் தெரிந்ததாலேயே 2015இல், தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொண்ட மேவ்னி திட்டம் வழியாக அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்தவன் நான். இப்போது மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கத் தயாராகிறேன். எங்கள் ஊர் வி.ஏ. மருத்துவமனையில் கைரேகை, காசநோய்ப் பரிசோதனை, பயிற்சி வகுப்பு என்று ஏழு வாரம் இழுத்தார்கள். படையில் சேர்ந்ததே இதைவிடச் சுலபம்!

உள்ளே போனபின் குறையில்லை. சக்கர நாற்காலி தள்ளும்போது வியட்நாம் போருக்குப் போய்வந்த தாத்தாக்கள் "எந்த யூனிட்?" என்று ஆரம்பித்து, டாக்டரிடம் சொல்லாத முழங்கால் வலியை என்னிடம் சொல்வார்கள். அப்போதெல்லாம் நர்ஸைக் கூப்பிட்டுவிடுவேன்.

ஆராய்ச்சி வாய்ப்புக்குத்தான் ஒரு நட்சத்திரம் குறைத்தேன். பதினோரு மின்னஞ்சலுக்கு ஒரே பதில், அதுவும் தரவு உள்ளிடும் வேலை. சரி, வெள்ளிக்கிழமைகளில் போகிறேன்.