சாய நீருக்கு இறால் கோதுத் தூள்: மூன்று மாதப் பயன்பாட்டின் பின்

மருதமுனையிலுள்ள எங்கள் தறிக்கூடத்தில், நூலுக்குச் சாயமிட்ட பின் எஞ்சும் நீரைத் தெளிய வைப்பதற்காக, இறால், நண்டுக் கோதுகளிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசான் தூளை மூன்று மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். இந்த மணற்பாங்கான நிலத்தில் ஊற்றும் நீர் அயல் வளவுக் கிணற்றில் ஊறிவிடும் என்பதால், இதை நான் சிறிய விடயமாகக் கருதவில்லை.

முதல் முயற்சி வீணாயிற்று. பொதியில் "நீரில் இடவும்" என்று மட்டுமே அச்சிட்டிருந்தார்கள்; அவ்வாறே இட்டபோது தூள் தவிட்டைப் போல மிதந்தது. கைட்டோசான் வெறும் நீரில் கரையாது. அதற்கு மென்மையான அமிலம் வேண்டும். நான்கு பங்கு நீருடன் ஒரு பங்கு வினாகிரி கலந்து, லீற்றருக்கு 10 கிராம் வீதம் இட்டு ஓர் இரவு வைத்த பிறகே கஞ்சி போன்ற வழவழப்பான கரைசல் கிடைத்தது.

நூலிழையோடு வேதிமுறையில் பிணையும் ரியாக்டிவ் சாயத்துக்குச் சோடா சேர்ப்பதால் கழிவு நீரின் பீ.எச். (அமில, கார நிலையைக் காட்டும் அளவு) 10க்கு மேல் நிற்கும். அதை 6க்குக் கீழே இறக்கினால்தான் கைட்டோசான் நேர்மின்னேற்றம் பெற்று, எதிர்மின்னேற்றம் கொண்ட சாயத்தைப் பற்றிக்கொள்ளும். அவ்வாறு சரிப்படுத்திய ஒரு வாளி நீல நீரில் கரைசலை விட்டு, முதலில் வேகமாகவும் பின்னர் கால் மணி நேரம் மெதுவாகவும் கலக்கியபோது, நீலம் பஞ்சுத் துணுக்குகளாகத் திரண்டு இறங்கியது. அரை மணி நேரத்தில், நீருக்குள் விட்ட என் உள்ளங்கையின் ரேகைகள் தெரிந்தன. இன்னும் தெளியட்டும் என்று மும்மடங்கு விட்ட அடுத்த வாளியோ மீண்டும் கலங்கிவிட்டது. அளவு மிஞ்சினால் துகள்கள் யாவும் நேர்மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று விலக்கும். ஆகையால் ஒவ்வொரு சாயத்துக்கும் முதலில் போத்தல்களில் அளவு பார்த்துக்கொள்கிறோம்.

நீரைத் தெளிய வைக்க வழக்கமாக இடப்படும், அலுமினியம் கொண்ட சீனக்காரத்தைவிட இதன் விலை பன்மடங்கு அதிகம். ஆயினும் மண்டியில் அலுமினியம் சேர்வதில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். பொதியிலுள்ள "முற்றிலும் இயற்கை" என்ற வாசகத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. கோதிலிருந்து சுண்ணாம்பையும் புரதத்தையும் நீக்க ஐதரோக்குளோரிக் அமிலமும் எரிசோடாவும் தேவைப்படுகின்றன. அந்த வாசகத்துக்குப் பதிலாக, கரைக்கும் முறையையும் பீ.எச். அளவையும் அச்சிட்டிருந்தால் எங்கள் முதல் பொதி வீணாகியிருக்காது.

வாங்குவோர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: சாயமிடச் சேர்த்த உப்பை இத்தூள் நீக்காது. தெளிந்துவிட்டதே என்று அந்நீரை வாழைக்குப் பாய்ச்சாதீர்கள்; நாங்கள் அதை அடுத்த சாயத் தொட்டியின் முதல் அலசலுக்கே எடுத்துக்கொள்கிறோம்.