டாக்டரா, நர்ஸா, தெரபிஸ்டா? குழந்தைகளோடு வேலை பார்க்க நினைக்கும் ஒரு கல்லூரி மாணவிக்காகப் போட்ட கணக்கு

அக்கா மகள் மதுரையில் பி.எஸ்ஸி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தீபாவளிக்கு வந்திருந்தபோது மாடியில் துணி உலர்த்திக்கொண்டே கேட்டாள். "சித்தி, எனக்கு ஆஸ்பத்திரியில, குழந்தைங்களோட வேலை பார்க்கணும். டிகிரியை விட்டுட்டு மறுபடி நீட் எழுதட்டுமா? நர்சிங் சேரட்டுமா? இல்ல, உங்கள மாதிரி தெரபி படிக்கட்டுமா?"

அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போதுதான் பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குச் சொல்லும் பதில் வேறு, கல்லூரியில் ஒன்றரை வருஷத்தைப் போட்டுவிட்ட பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது வேறு. ஆனால் இதற்குப் பதில் யோசிக்க எனக்கு ஒரு வசதி உண்டு. நான் பேச்சு, கேட்டல் பயிற்சியாளர். வேலை பார்ப்பது ஒரு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில். குழந்தைகள் உடல்நலத்துக்காக மத்திய அரசு 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் வந்த மையங்கள் இவை. பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என்று எது தெரிந்தாலும், 18 வயது வரையுள்ள பிள்ளைகளை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பார்த்து இங்கே அனுப்புவார்கள். ஒரே வராந்தாவில் குழந்தைகள் நல டாக்டர், ஸ்டாஃப் நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், சிறப்புக் கல்வியாளர், அப்புறம் நான். எல்லார் வேலையையும் தினமும் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

படிக்கும் வருஷம், ஆகும் செலவு, வரும் சம்பளம் எல்லாம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு குழந்தை உன் கையில் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும்? டாக்டருக்கு அது நிமிஷக் கணக்கு. நர்ஸுக்கு ஷிஃப்ட் கணக்கு. எங்களுக்கு வருஷக் கணக்கு. "குழந்தைங்கன்னா பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டு மூன்று பேரும் வருகிறோம். உள்ளே வந்தபின் செய்வது மூன்று வெவ்வேறு வேலை.

எம்.பி.பி.எஸ்., அப்புறம் எம்.டி.

படிப்பு நாலரை வருஷம், ஹவுஸ் சர்ஜன் ஒரு வருஷம். அதன் பிறகு நீட் பி.ஜி. எழுதி, குழந்தைகள் நல மருத்துவத்தில் இடம் கிடைத்தால் எம்.டி. மூன்று வருஷம். பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவான என்.ஐ.சி.யூ.தான் வேண்டும், அதற்கான சிறப்பு மருத்துவராக வேண்டும் என்றால் டி.எம். என்று இன்னும் மூன்று. இவளுக்கு இப்போது 19. அடுத்த வருஷமே இடம் கிடைத்தாலும் எம்.டி. முடிக்கும்போது முப்பதை நெருங்கிவிடுவாள். நீட்டுக்கு மேல் வயது வரம்பு இல்லை என்பது உண்மைதான். ஆனால் வீட்டுக்குள் வேறு வரம்புகள் இருக்கின்றன, அதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

நீட்டின் 720 மதிப்பெண்ணில் உயிரியலுக்கு 360. விலங்கியல் படித்தது அந்தப் பாதிக்கு ஓரளவு கைகொடுக்கும். வேதியியலை அலைடு பாடமாகத் தொட்டிருக்கிறாள். இயற்பியலைப் பள்ளியோடு விட்டாயிற்று. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு 2020 முதல் இருக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இவளுக்கு வராது, படித்தது உதவிபெறும் பள்ளி. தனியார் கல்லூரிக் கட்டணம் அக்கா வீட்டு வருமானத்துக்கு எட்டாதது. ஆக, அரசு இடம் கிடைக்கும் மதிப்பெண் எடுத்தால்தான் இந்தக் கதவு திறக்கும்.

கிடைத்தால்? எங்கள் மையத்து டாக்டர் ஒரு கைக்குழந்தையைப் பார்க்கும்போது முதலில் ஸ்டெதஸ்கோப்பை எடுக்க மாட்டார். அம்மா மடியிலேயே குழந்தையை விட்டு, சட்டையைத் தூக்கச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுதாக மூச்சை எண்ணுவார். இரண்டு மாதத்துக்குக் கீழ் என்றால் 60, ஒரு வயது வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியாவாக இருக்கலாம் என்று எண்ணம் போகும். நெஞ்சுக்கூட்டின் அடிப்பகுதி உள்ளே இழுக்கிறதா என்று பார்ப்பார். வீட்டுக்கு அனுப்பலாமா, சேர்க்க வேண்டுமா? அந்த முடிவு அவருடையது, தப்பினால் அந்தப் பாரமும் அவருடையது. வெளியே இன்னும் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். இந்தப் பொறுப்பை ஆசைப்பட்டு ஏற்கிறவர்கள் டாக்டராகத்தான் வேண்டும், அவர்களை வேறு எதற்கும் நான் திருப்ப மாட்டேன்.

ஆனால் குழந்தைகளோடு இருக்கலாம் என்பதற்காக மட்டும் எம்.பி.பி.எஸ். போகிறவர்களிடம் ஒன்று சொல்வேன். அந்த முதல் ஐந்தரை வருஷத்தில் குழந்தைகள் வார்டு என்பது சில வாரங்கள்தான். மிச்சமெல்லாம் பெரியவர்களின் நெஞ்சுவலி, எலும்பு முறிவு, பிரசவம். அப்புறம் பி.ஜி.யில் எந்தத் துறை என்பதைத் தரவரிசையும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

நர்சிங்

பி.எஸ்ஸி. நர்சிங் நாலு வருஷம். தமிழகத்தில் இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் கலந்தாய்வு நடந்திருக்கிறது. துணை மருத்துவப் படிப்புகளின் சேர்க்கை விதிகள் மாறிக்கொண்டிருப்பதால், சேரும் வருஷத்து விளக்கக் குறிப்பேட்டைத் தவறாமல் படிக்க வேண்டும். குழந்தைகள் நல நர்சிங் என்று தனிப் பாடம் மூன்றாம் ஆண்டில் வரும். அதிலேயே மேலே போக எம்.எஸ்ஸி. உண்டு.

பச்சிளம் குழந்தைகள் வார்டுக்கு நான் கேட்டல் பரிசோதனைக்காகப் போவேன். காதில் சின்னக் கருவிமுனையை வைத்து எடுக்கும் ஓ.ஏ.இ. பரிசோதனை, குழந்தை தூங்கும்போதோ அசையாமல் அமைதியாக இருக்கும்போதோதான் செய்ய முடியும். அதனால் காத்திருந்த நேரங்களில் நர்ஸ்களைப் பார்த்ததுதான் அதிகம். ஒன்றேகால் கிலோ குழந்தை. அம்மாவின் பால் சின்னக் கிண்ணத்தில் இருக்கிறது. நர்ஸ், பால் புகட்டும் சங்கான பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்து, குழந்தை நாக்கை நீட்டி எடுக்கும்வரை கையை அசைக்காமல் பிடித்திருக்கிறார். ஊற்றினால் புரை ஏறும். அந்தச் சில மில்லியைக் கொடுக்க அரைமணி நேரம் ஆனது. நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பாலாடைதான், குறைமாதக் குழந்தைகளுக்கு அது எவ்வளவு பொருத்தம் என்று மருத்துவக் கட்டுரைகள் அதே பெயரைச் சொல்லி எழுதுகின்றன. அந்தப் பக்கத்துக் கட்டிலில் டிரிப். குழந்தைகளுக்கான மைக்ரோ டிரிப் செட்டில் 60 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிஷத்துக்கு அத்தனை சொட்டு. பெரியவர்கள் உடம்பில் கொஞ்சம் கூடக்குறைய ஓடினால் தாங்கும், இங்கே தாங்காது. அதனால் மருந்தின் அளவை இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டுச் சரிபார்க்கிறார்கள்.

"நேத்து மாதிரி அழல, அழுகை மாறிடுச்சு" என்று ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டரைக் கூப்பிடுவது நர்ஸ்தான். கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத்தான் அது தெரியும். டாக்டர் வேலைக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதிகூட இதற்கு வெளியே கிடைப்பதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

குறைகள் என்றால், முதலில் இரவுப் பணி. அடுத்தது, எந்த வார்டு என்பது பெரும்பாலும் உங்கள் கையில் இல்லை. குழந்தைகள் மருத்துவமனையிலேயே சேர்ந்தால் ஒழிய, இந்த மாதம் பச்சிளம் குழந்தைகள், அடுத்த மாதம் ஆண்கள் வார்டு என்று மாற்றுவார்கள். அரசு வேலையில் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, பணி நிரந்தரத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் நிறையப் பேர். 2017-ல் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்த போராட்டம் பலருக்கு நினைவிருக்கும். ஆனாலும் நாலே வருஷத்தில் கையில் தொழிலோடு வெளியே வர வேண்டும், எந்த ஊருக்குப் போனாலும் வேலை இருக்க வேண்டும் என்றால் இதற்கு ஈடாக வேறொன்று என் கண்ணில் படவில்லை.

தெரபி

பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, பேச்சு-கேட்டல் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். பிசியோ கழுத்து நிற்பது, உட்காருவது, நடப்பது. ஆக்குபேஷனல் தெரபி தானே எடுத்துச் சாப்பிடுவது, பட்டன் போடுவது, பென்சில் பிடிப்பது. பிசியோவுக்குக் கல்லூரிகள் நிறைய, ஆனால் படித்து முடிப்பவர்களில் பெரும்பாலோர் முதுகுவலி, மூட்டுவலிப் பக்கம் போய்விடுகிறார்கள். குழந்தைகளுக்காகவே பிசியோ என்றால் அதை நீங்கள் தேடிப் போய்ப் பிடிக்க வேண்டும். ஆக்குபேஷனல் தெரபிக்கு இங்கே கல்லூரிகள் குறைவு, ஆள் தேவை அதிகம்.

என் படிப்பு பேச்சு-கேட்டல் துறையின் இளநிலைப் பட்டமான பி.ஏ.எஸ்.எல்.பி. மூன்று வருஷம் பாடம், ஒரு வருஷம் பயிற்சி. முடித்ததும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். இந்தத் துறைக்கு நாட்டில் தாய்வீடு மாதிரி இருப்பது மைசூரில் 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம். சென்னையிலும் ஸ்ரீராமச்சந்திரா போன்ற இடங்களில் படிக்கலாம், ஆனால் மொத்த இடங்களே குறைவு.

பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகளுக்கு ஆறு வயதுக்குள், உள்காதில் வைத்து ஒலியை உணர வைக்கும் காக்ளியர் கருவி பொருத்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறது. அறுவை சிகிச்சை சில மணி நேரம். சில வாரம் கழித்துக் கருவியை இயக்குவார்கள். அதற்குப் பிறகுதான் என் வேலையின் பெரும்பகுதி. தினமும் பயிற்சிக்கு முன்னால் வாயை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு ஆறு ஒலி சொல்வேன். ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். குழந்தை ஒரு கட்டையைக் கன்னத்தோடு பிடித்திருக்கும், ஒலி கேட்டால் அதை டப்பாவில் போட வேண்டும். முதல் வாரங்களில் கட்டை கன்னத்திலேயே இருக்கும். 'ஆ' முதலில் பிடிபடும். 'ஸ்' ரொம்ப நாள் கழித்து வரும். அம்மா சுவரோரம் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு பிள்ளை "அம்மா" என்று கூப்பிட ஏழு மாதம் ஆனது. அது என் கண் முன்னால் நடந்தது, வேறு எந்தச் சம்பளத்தோடும் அதை என்னால் ஒப்பிட முடியவில்லை.

எல்லா நாளும் அப்படி இல்லை. வாரம் இரண்டு நாள் வந்துகொண்டிருந்த பிள்ளை திடீரென்று வராது. விசாரித்தால் பஸ் செலவு, இல்லை அம்மாவுக்கு நூறு நாள் வேலை. "அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினாராம்" என்று மாமியார் சொன்னதால் ஒரு வருஷம் வீணானதும் உண்டு. இன்னொரு பக்கம், மூன்று வயதில் "பழம்" என்பதைப் "பளம்" என்கிறது என்று பதறிக்கொண்டு வருவார்கள். ழகரம் பிந்தி வரும் ஒலி, கொஞ்சம் பொறுங்கள் என்று அனுப்புவேன். பொறுக்கக் கூடாதது எது, பொறுக்க வேண்டியது எது என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் நாலு வருஷப் படிப்பு.

என் முதல் வேலை ஒரு தனியார் மையத்தில். முக்கால் மணி நேரத்துக்குப் பணம் வாங்கிவிட்டு இருபது நிமிஷத்தில் அடுத்த பிள்ளையைக் கூப்பிடச் சொல்வார்கள். தேறிவிட்ட பிள்ளையையும் நிறுத்தாமல் வரவழைக்கச் சொன்னார்கள். ஐந்து மாதத்தில் வெளியே வந்துவிட்டேன். கவுன்சில் பதிவே இல்லாதவர்களை 'தெரபிஸ்ட்' என்று உட்கார வைக்கும் இடங்களும் இருக்கின்றன. இந்தத் துறைக்கு வருகிறவர்கள் முதல் வேலையைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், கெட்ட பழக்கம் அங்கேதான் ஒட்டும். அரசு மையங்களில் எங்களுக்கும் ஒப்பந்தப் பணிதான் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

டிகிரியை முடித்தால்

பட்டம் முடித்து பி.எட். சிறப்புக் கல்வி இரண்டு வருஷம் படிக்கலாம். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இதற்கு நல்ல இடம். இவளுடைய விலங்கியல் பட்டம் தாளில் உதவுவது இந்த ஒரு வழிக்குத்தான். சிறப்புக் கல்வியாளர் மருத்துவப் பணியாளர் இல்லை, ஆனால் எங்கள் வராந்தாவில் அவர்களும் உண்டு, பிள்ளைகளின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கத்தை ஒருமுறை பார்த்தால், இந்த வேலை ஒரு கிராமத்துக் குடும்பத்துக்கு என்ன செய்யும் என்று புரியும். சம்பளம் இந்த நாலு வழியிலும் பெரும்பாலும் இதில்தான் குறைவு.

சரி, இவளுக்கு என்ன சொன்னேன்? நீட்டுக்காகக் கல்லூரியை விடாதே. எழுத வேண்டுமென்றால் படித்துக்கொண்டே ஒருமுறை எழுது. நர்சிங்கோ தெரபியோதான் என்று மனசு தெளிவாகிவிட்டால் மிச்ச செமஸ்டர்களுக்காகக் காத்திருக்காதே, வரும் சேர்க்கையிலேயே பிளஸ் டூ மதிப்பெண்ணோடு விண்ணப்பித்துவிடு. அந்தப் படிப்புகளுக்கு இந்தப் பட்டம் எதையும் கூட்டப்போவதில்லை. தெளிவில்லை என்றால் பட்டத்தை முடி, பி.எட். கதவாவது திறந்திருக்கும். பட்டத்தை முடிக்காமல் வேறு படிப்பில் சேரலாம் என்றது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "பாதியில விட்டுட்டு வந்தா ஊர்ல என்ன சொல்வாங்க" என்றாள். ஊர் நாலு வருஷம் கழித்து என்ன சொல்லும் என்பதையும் யோசி அக்கா என்றேன்.

டிசம்பரில் இரண்டு நாள் எங்கள் மையத்துக்கு வந்தாள். முதல் நாள் என் அறையில் ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள். இரண்டாம் நாள் கேட்டல் பரிசோதனைக்காகப் பச்சிளம் குழந்தைகள் வார்டுக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடிக்கு வெளியேதான் நிற்க விட்டார்கள். நான் வேலை முடித்துத் திரும்பி வரும்போது நகராமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே நர்ஸ் ஒரு குழந்தையை அம்மாவின் நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டிருந்தார்.

நான் தெரபி பற்றிக் கேட்பாள் என்று நினைத்திருந்தேன். பஸ் ஸ்டாண்டு போகும்வரை அவள் கேட்டதெல்லாம் இரவு ஷிஃப்ட் எத்தனை மணிக்குத் தொடங்கும், அந்த நேரத்தில் ஒருநாள் வந்து பார்க்க முடியுமா என்பதுதான். நர்சிங் கண்காணிப்பாளரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். பொங்கல் விடுமுறையில் வருகிறாள்.