சின்ன மாமாவின் தலை ஸ்கேன்: திருநெல்வேலியில் நான்கு நாள்

டொராண்டோவிலிருந்து மூன்று வார விடுப்பில் கோவில்பட்டிக்கு வந்தது ஒரு கல்யாணத்துக்காக. வந்த ஐந்தாம் நாள் காலையில் சின்ன மாமாவுக்கு வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. சற்று நேரத்தில் ஃபிட்ஸ். வயது 46தான். தலைவலி மாத்திரைகூட அதிகம் போடாதவர்.

அன்று மாலையே எம்ஆர்ஐ எடுத்துவிட்டார்கள். டொராண்டோவிலும் ஃபிட்ஸ் வந்தால் அவசரப் பிரிவில் உடனே பார்ப்பார்கள்; ஆனால் அவசரமில்லை என்று முடிவானால் எம்ஆர்ஐக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே அத்தை போன் செய்து கேட்டார், இரண்டு மணி நேரத்தில் வரச் சொன்னார்கள். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆனால் அந்த முதல் ஸ்கேன் அரைகுறை. கட்டியைத் தெளிவாகக் காட்ட உதவும் கான்ட்ராஸ்ட் ஊசி போடவில்லை. கையில் கொடுத்தது ஃபிலிமும் ஒரு பக்க ரிப்போர்ட்டும் மட்டுமே, சிடி இல்லை. மறுநாள் திருநெல்வேலியில் நரம்பியல் அறுவை மருத்துவர் ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு, "கட்டி இருக்கு அய்யா. எந்த மாதிரிக் கட்டின்னு சொல்ல இது பத்தாது" என்றார். மறுபடி ஸ்கேன், மறுபடி பணம். ஃபிட்ஸ் வந்தவருக்குக் கட்டி சந்தேகம் இருக்கும்போது கான்ட்ராஸ்ட் தேவையா என்று முதல் சென்டரில் யாராவது மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்னும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

இரண்டாவது இடத்தில் நிதானமாகச் செய்தார்கள். முதலில் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்தார்கள், சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. மோதிரம், அரைஞாண் கயிறு, அதில் கோத்த தாயத்து எல்லாம் கழற்றச் சொன்னார்கள். தாயத்தைக் கழற்ற மாமா தயங்கினார். டெக்னீஷியன் பையன், "அத்தை கையிலயே இருக்கட்டும் மாமா, வெளிய வந்ததும் கட்டிக்கலாம்" என்று சொல்லி, காதில் பஞ்சு வைத்து, பயந்தால் அமுக்க ஒரு ரப்பர் பந்தையும் கையில் கொடுத்தான். முக்கால் மணி நேரம் ஆனது.

அப்புறம் ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்லும் மருத்துவரான ரேடியாலஜிஸ்ட் எங்களைக் கணினி முன்னால் உட்கார வைத்து விளக்கினார். ரத்தக் குழாய்க்கும் மூளைக்கும் நடுவே ஒரு காவல் உண்டு. கான்ட்ராஸ்ட் ஊசியில் போடும் காடோலினியம் என்ற மருந்து அதைத் தாண்டி உள்ளே போகாது. வேகமாக வளரும் கட்டி அந்தக் காவலை உடைத்துவிடும். மருந்து கசிந்து அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். சுற்றிலும் வெள்ளை வளையம், நடுவில் செத்துப்போன கறுப்புப் பகுதி என்றிருந்தால் கிரேடு 4, அதாவது கட்டியின் தீவிரத்தைச் சொல்லும் படிகளில் மிக மோசமானது, என்ற பயம் வரும். மாமாவுக்கு இடப்பக்க முன்மூளையில் இருந்த கட்டி ஃபிளேர் என்ற ஒருவகை எம்ஆர்ஐ படத்தில் பளிச்சென்று தெரிந்தது, ஆனால் ஊசி போட்ட பிறகு அதில் வெள்ளை ஏறவில்லை. ரத்த ஓட்டத்தை அளக்கும் பெர்ஃப்யூஷன் படத்திலும் அது கூடித் தெரியவில்லை. கட்டிக்குள் உள்ள வேதிப்பொருள்களை அளக்கும் ஸ்பெக்ட்ராஸ்கோபியில் மட்டும், செல் பெருக்கத்தைக் காட்டும் கோலின் சற்று உயர்ந்திருந்தது.

"அப்போ சாதாரணக் கட்டிதானே டாக்டர்?" என்று அத்தை கேட்டார். அவர் தலையாட்டவில்லை. "குறைஞ்ச கிரேடு மாதிரி தெரியுதும்மா. வெள்ளை ஏறாத கட்டியும் சில நேரம் கிரேடு 3ஆ இருக்கும். சதையை எடுத்துப் பார்த்தாத்தான் முடிவு." 2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வகைப்பாட்டில் இத்தகைய கட்டிகளுக்கு ஐடிஹெச் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்பது போன்ற சோதனையும் சேர்ந்துதான் பெயரும் கிரேடும் முடிவாகும் என்றும் சொன்னார். ரிப்போர்ட்டில் இருந்த ஒரு வரியை வைத்து அதற்குள் உறவுக்காரர் ஒருவர் ஆயுள் கணக்கே போட்டுவிட்டார். இந்தப் பதிலை அவரும் கேட்டிருக்க வேண்டும்.

அறுவை சிகிச்சை முடிந்து நான் டொராண்டோ திரும்பிய பிறகு எடுத்த சதையைச் சோதித்த பயாப்ஸி முடிவு வந்தது: ஐடிஹெச் மாற்றமுள்ள அஸ்ட்ரோசைட்டோமா என்ற மூளைக் கட்டி, கிரேடு 2. மூன்று மாதத்தில் அடுத்த எம்ஆர்ஐ. பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் கட்டி வளர்கிறதா என்று தெரியும் என்பதால், ஒவ்வொரு முறையும் பழைய சிடியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அத்தை அதை பீரோவில், கல்யாணப் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறார்.