வரி மதிப்பீட்டுப் படங்களுக்கு கலர்செக்கர் பாஸ்போர்ட் ஃபோட்டோ 2: கைகொடுக்கும் இடமும் கைவிடும் இடமும்

அமெரிக்காவில் ஓவியத்தையோ பழம்பொருளையோ நன்கொடையாகக் கொடுத்து வரிக்கழிவு கேட்பவர், மதிப்பு 5,000 டாலரைத் தாண்டினால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கையும் 8283 படிவமும் (பணமல்லாத நன்கொடைக்கான வரிப் படிவம்) தயாராக வைத்திருக்க வேண்டும். கலைப்பொருளின் மதிப்பு 20,000 டாலரைத் தொட்டுவிட்டால் கையெழுத்திட்ட அறிக்கையையே வரிக் கணக்குடன் இணைக்க வேண்டும். அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். கேட்டால் பொருள் முழுதாகத் தெரியும் தரமான படமும் கொடுக்க வேண்டும். தணிக்கையில் சிக்கும் 50,000 டாலருக்கு மேற்பட்ட பொருள்கள் பொதுவாக 1968இல் தொடங்கிய, ஐ.ஆர்.எஸ்.ஸின் கலை ஆலோசனைக் குழுவிடம் போகும். குழுவினர் பெரும்பாலும் பொருளைப் பார்ப்பதில்லை, படத்தையும் ஆவணங்களையும் வைத்தே முடிவு செய்கிறார்கள். படத்தில் வெளிறிய சிவப்பு ஒன்று, ஓவியம் மங்கிப்போனது என்ற தவறான எண்ணத்தை அவர்களுக்குத் தந்துவிடும்.

அதனால்தான் படத்தின் நிறத்தைச் சரிசெய்ய உதவும் கலர்செக்கர் பாஸ்போர்ட் ஃபோட்டோ 2 என்ற இந்த மடக்கு அட்டையைப் பரிந்துரைக்கிறோம். 24 வண்ணக் கட்டங்கள், வெள்ளைச் சமன் கட்டம் (வெள்ளை நிறம் வெள்ளையாகவே பதிய உதவுவது), 18% சாம்பல் பரப்பு ஆகியவை ஒரே பெட்டிக்குள் அடங்குகின்றன. நிறத்துக்கு இதைவிட எளிய ஆதாரம் இல்லை.

பயன்படுத்தும்போது அட்டையை ஓவியத்தின் அதே தளத்தில், அதே ஒளியில், சட்டத்தை ஒட்டி வையுங்கள். சாய்த்து வைத்தால் அதன் மேல் விழும் ஒளி மாறி, நிறத் திருத்தமே தவறாகும். இரண்டு விளக்குகள், இருபக்கமும் 45 பாகையில், ஒரே வகையாக, சி.ஆர்.ஐ. (விளக்கொளி நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 95க்கு மேல் இருக்கட்டும். கேமராவில் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப் 8, முக்காலி, ரா கோப்பு (கேமராவின் திருத்தப்படாத மூலக் கோப்பு). முதல் படம் அட்டையோடு. அதை டி.என்.ஜி. என்ற பொது ரா கோப்பு வடிவத்துக்கு மாற்றி, கூட வரும் மென்பொருளில் இட்டால் உங்கள் கேமராவுக்கும் அந்த ஒளிக்கும் உரிய நிறச் சுயவிவரம் (நிறத்தைத் திருத்தும் அமைப்புக் கோப்பு) கிடைக்கும். ஒளி மாறினால் பழைய சுயவிவரம் செல்லாது. ஜன்னல் வெளிச்சத்தை நம்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அட்டையால் முடியாதவையும் உண்டு. வார்னிஷ் பளபளப்பை அது போக்காது. விளக்குகளின் மேல் போலரைசர் தாளும் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி), லென்ஸில் அதற்கு 90 பாகையில் திருப்பிய போலரைசரும் வேண்டும். அந்தத் தாள் நிறத்தைச் சற்று மாற்றுவதால், அட்டையையும் அதே அமைப்பில்தான் படமெடுக்க வேண்டும். பொன்முலாம் பூசிய சட்டத்தையும் தடித்த வண்ணப் பூச்சையும் இந்த அமைப்பு தட்டையாக்கிவிடும், அவற்றுக்குப் போலரைசர் இல்லாமல் இன்னொரு படம் எடுங்கள். கோபால்ட் நீலம் ஊதா சாயலில் பதிவதைச் சுயவிவரம் ஓரளவுதான் திருத்தும். விரிசல் தெரிய ஒரு விளக்கைப் பக்கவாட்டில் மிகத் தாழ்வாக வைத்து எடுக்க வேண்டும், அங்கே அட்டைக்கு வேலையே இல்லை.

எங்களுக்கு உண்மையான குறை, இதில் அளவுகோல் இல்லாதது. அளவு தெரியாத வெண்கலச் சிலையின் படம் அரைப்படமே; தனியாக ஒரு அளவுகோல் வாங்கி வையுங்கள்.

கையொப்பம், பின்புறம், காட்சிக்கூட ஒட்டுச்சீட்டு, வார்ப்படச்சாலை முத்திரை, பழுது ஆகியவற்றைத் தனித்தனியாக எடுங்கள். பழுதை மென்பொருளில் அழிக்கவே கூடாது. 8×10 அங்குல அச்சுக்கு 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) 2400×3000 பிக்சல் போதும். கட்டங்களை விரலால் தொடாதீர்கள், எண்ணெய் ஒட்டினால் துடைத்துச் சரிசெய்ய முடியாது. நிறம் மங்கும் என்பதால் சுமார் இரண்டு ஆண்டுகளில் புது அட்டை வாங்குவது நல்லது.