ஜாங்கோவும் காலை எட்டு மணியும்

சித்தி மகன் போன வாரம் கேட்டான்: "அண்ணே, நீங்க ரொம்ப நாளா ஜாங்கோதானே ஓட்டுறீங்க? அது உள்ளுக்குள்ள எப்படி வேலை செய்யுதுன்னு படிச்சா பிரயோஜனம் இருக்கா?" ஜாங்கோ என்பது பைத்தான் மொழியில் இணையச் செயலி கட்டுவதற்கான சட்டகம். அன்றைக்கே பதில் சொல்லியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். அதற்குள் ஒன்றாம் தேதி வந்துவிட்டது. காலை ஏழரைக்குக் கிராணி (கணக்கு எழுதும்) அக்கா போனில் பிடித்தார். "தம்பி, மாசம் பொறந்தாச்சு, உங்க கணக்கு இன்னும் போன மாசத்தையே காட்டுதுலா." ஆக, இதைக் கொஞ்சம் கடுப்போடுதான் எழுதுகிறேன்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலை வாங்கும் ஒரு தவுக்கேயிடம் (முதலாளியிடம்) என் எடைச் சிஸ்டம் ஓடுகிறது. லாரி ஏறும், எடை விழும், குலையை இறக்கிவிட்டு வெறும் லாரி மறுபடி ஏறும், சீட்டு வரும். 2019இல் ஜாங்கோவின் 2.2 பதிப்பில் தொடங்கி, 3.2, 4.2 என்று தாண்டி இப்போது 5.2இல் நிற்கிறது. மாடல், டெம்ப்ளேட், அட்மின் என்று அதன் மற்றப் பாகங்களைப் பற்றியெல்லாம் ஊரே எழுதிவிட்டது. என் தகராறு நேரத்தோடு.

குலை விலை நாளுக்கு நாள் மாறும். அதனால் ஒவ்வொரு சீட்டுக்கும் 'எந்த நாள் விலை' என்று ஒரு தேதி வைத்திருந்தேன். ஆரம்பத்தில், இன்றைய தேதியைத் தரும் பைத்தானின் சாதாரண 'டேட்.டுடே' தான் போட்டிருந்தேன், ஒழுங்காக ஓடியது. ஆனால் வேறு இடங்களில் ஜாங்கோ ஓயாமல் எச்சரித்துக்கொண்டே இருந்தது: நேர மண்டலம் இல்லாத நேரத்தைக் கொடுக்கிறாய், கொடுக்கிறாய் என்று. சரி, பெரியவர் சொல்கிறார் என்று ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து எல்லா இடத்திலும் 'இப்போது என்ன நேரம்' என்று சொல்லும் ஜாங்கோவின் 'டைம்சோன்.நவ்' என்று மாற்றினேன். அந்த வேகத்தில் 'டேட்.டுடே' இருந்த இடத்திலும் 'டைம்சோன்.நவ்().டேட்()' என்று போட்டுவிட்டேன். சோதித்துப் பார்த்தேன், எல்லாம் சரி. படுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ஒரு லாரிக்காரர் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார். சீட்டில் மணி 7:12, தேதி இன்றையது. விலை மட்டும் நேற்றையது. அவருக்கு டன்னுக்குப் பல வெள்ளி (ரிங்கிட்) நட்டம். அதே லாரி ஒன்பது மணிக்கு வந்திருந்தால் சரியான விலை விழுந்திருக்கும். தவுக்கே என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

காரணம் இதுதான். நேர மண்டல வசதியைப் போட்டிருந்தால், 'டைம்சோன்.நவ்' எப்போதும் யூடிசி நேரத்தைத்தான் (கிரீனிச்சை ஒட்டிய உலகப் பொது நேரம்) தரும். அமைப்பில் (செட்டிங்ஸ் கோப்பில்) நீங்கள் கோலாலம்பூர் என்று எழுதியிருந்தாலும் அப்படித்தான். திரையில் காட்டும்போது மட்டும் நம் நேரத்துக்கு மாற்றிக் கொடுக்கும், அதனால்தான் சீட்டில் 7:12 என்று சரியாக வந்தது. ஆனால் மாற்றுவதற்கு முன்பே அதிலிருந்து தேதியைப் பிடுங்கினால், வருவது யூடிசியின் தேதி. நாம் எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம். இங்கே காலை எட்டு அடிக்கும்வரை அங்கே நேற்றுதான். துரைமார் கப்பலேறிப் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, கிரீனிச் கடிகாரம் மட்டும் இன்னும் தோட்டத்துக் கணக்கை எழுதுகிறது.

(1982 ஜனவரி 1ஆம் தேதிதான் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அதற்கு முன் நமக்கும் யூடிசிக்கும் இடைவெளி ஏழரை. ஏழரை போனது, சனி போகவில்லை.)

இதில் எனக்கு ஆறாத விஷயம், பழைய 'டேட்.டுடே' சரியாகத்தான் இருந்தது என்பது. ஏன் என்று தேடியபோதுதான் முதன்முறையாக ஜாங்கோவின் மூல நிரலைத் திறந்தேன். ஜாங்கோ கிளம்பும்போதே நம் அமைப்பிலுள்ள நேர மண்டலத்தை எடுத்து 'டிஇசட்' என்ற சூழல் மாறியில் எழுதி, லினக்ஸ் சர்வரில் தான் ஓடும் அந்த ஓட்டத்துக்கு மட்டும் உள்ளூர் நேரத்தை அதற்குத் திருப்பிவிடுகிறது. ஆக, பைத்தானின் வெகுளியான தேதி நம் ஊர்த் தேதியாக வந்தது. எச்சரிக்கைக்குப் பயந்து திருத்தியதால் கெட்டது. சரியான மருந்து 'லோக்கல்டேட்' என்ற சின்னச் செயல்பாடு. 'டைம்சோன்.நவ்' இருக்கும் அதே கோப்பில், அதற்குக் கொஞ்சம் மேலே, சத்தமில்லாமல் கிடக்கிறது.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் கோப்பைப் பசியாறிக்கொண்டே படித்து முடித்தேன். ரொட்டி சானாய் ஆறவில்லை. 'நவ்' என்பது ஒரே வரி. ஒளிவுமறைவு கிடையாது, யாரும் படிக்கலாம், கருத்துரைகள் மனிதர் எழுதியது போல இருக்கின்றன. அந்த ருசியில் மேலும் தோண்டினேன். பொது அமைப்புக் கோப்பில், நாம் எதுவும் சொல்லாவிட்டால் என்ன நேரம் என்று பார்த்தால், 'அமெரிக்கா/சிகாகோ'! ஜாங்கோ பிறந்தது கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் ஊரின் பத்திரிகை அலுவலகத்தில், ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் தொடங்கியது, 2005 ஜூலையில் வெளியே விட்டார்கள். அந்த ஊர்க் கடிகாரமும் சிகாகோ கடிகாரமும் ஒன்று. இருபது வருஷம் கழித்தும் பிறந்த ஊர் நேரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்ததும் கோபம் பாதி குறைந்துவிட்டது என்பது உண்மை.

மற்றதையும் கொஞ்சம் படித்தேன். கேள்வித்தொகுதி (தரவுத்தளத்திடம் கேட்க வேண்டியதைக் கட்டிவைக்கும் 'குவெரிசெட்'), நாம் விடையைக் கேட்கும்வரை தரவுத்தளப் பக்கமே போகாத சோம்பேறி. ஷெல்லில் (கட்டளைத் திரையில்) அதை அப்படியே அச்சிட்டால் 20 வரிசைக்கு மேல் காட்டாது, மீதியை வெட்டிவிட்டேன் என்று சொல்லிவிடும். மாடலுக்குப் பின்னால் இருக்கும் மெட்டாகிளாஸ் (வகுப்புகளையே உருவாக்கும் வகுப்பு) இரண்டு முறை படித்தும் எனக்கு முழுதாக ஏறவில்லை, விட்டுவிட்டேன்.

சரி, ஒன்றாம் தேதிக்கு வருகிறேன். அன்று விலைத் தேதியைத் திருத்தினேன் அல்லவா, மாத அறிக்கையில் 'டைம்சோன்.நவ்().மன்த்' என்று ஒரு வரி இருந்ததைப் பார்க்கவில்லை. அது மாதத்துக்கு ஒரே ஒரு நாள், காலை எட்டுக்குள் யாராவது திறந்தால்தான் தப்புக் காட்டும். இத்தனை வருஷம் யாரும் திறக்கவில்லை. புதுக் கிராணி அக்கா விடிகாலையிலேயே வந்து உட்காருகிறவர். நான் நிரல் எழுதுவது ராத்திரி பத்துக்கு மேல், பன்னிரண்டுக்குள். அந்த நேரத்தில் நம் தேதியும் யூடிசி தேதியும் ஒன்றுதான், எத்தனை முறை சோதித்தாலும் சரி என்றுதான் சொல்லும். இந்த ஊரில் வேலை நடப்பதோ வெளுப்பதற்கு முன்பு. பெரட்டு (விடிகாலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ஆள் காட்டுக்குள் இறங்கும் நேரம் முழுக்க ஜாங்கோவுக்கு நேற்று.

தப்பு என்னுடையது. கையேட்டில் எல்லாம் எழுதியிருக்கிறது, தெளிவாகவே. ஆனாலும் நல்லது சொல்கிறேன் என்று எச்சரித்து என்னை நகர்த்தியவர், நகர்ந்த இடத்தில் பள்ளம் இருப்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஜாங்கோவுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. சித்தி மகனிடமும் வேண்டாம், லாராவெல் (பிஎச்பி மொழியின் சட்டகம்) படி என்று சொல்லிவிட்டேன்.

தவுக்கே அடுத்த மாதம் லிந்தாங் பக்கம் இரண்டாவது தராசு வைக்கிறார். அதற்கும் ஜாங்கோதான், நேற்று ராத்திரியே ஆரம்பித்துவிட்டேன். முதல் மாடல் எழுதுவதற்கு முன்பே ஒரு டெஸ்ட் எழுதி வைத்தேன்: ஒன்றாம் தேதி, காலை 7:12, ஒரு லாரி.