தேயிலையா, மரக்கறியா?

இலங்கை மலையகத்தில் நுவரெலியாவை அடுத்த கந்தப்பளை, ராகலைப் பக்கம் போனால் ஒரே மலையில் இரண்டையும் பார்க்கலாம்: சரிவில் தேயிலை, கீழே ஓடைக்கரையில் கரட், லீக்ஸ், கோவா.

தேயிலைக்குப் புளிப்பு மண், நல்ல மழை, தண்ணீர் தேங்காத சரிவு போதும். 1867இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் தொடங்கி, கோப்பியை இலைநோய் அழித்தபின் மலையெங்கும் பரவியது. கன்று வைத்து மூன்று, நான்கு வருடம் பொறுக்க வேண்டும். அப்புறம் பல பத்தாண்டுகள் கொழுந்து கிடைக்கும். ஆனால் ஆள் வேண்டும். வாரத்துக்கு ஒரு தரமாவது கொழுந்து பறிக்கச் சுற்று வராவிட்டால் கொழுந்து முற்றி, தொழிற்சாலையில் தரம் இறங்கிவிடும். வேர் மண்ணைப் பிடித்து வைப்பது பெரிய லாபம்.

மரக்கறி மூன்று, நான்கு மாதத்தில் காசாகும். அதே புளிப்பு மண்ணுக்கு இங்கே புளிப்பைக் குறைக்க டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள் போட வேண்டும். விதை, உரம், மருந்து எல்லாம் முன்பணம். தம்புள்ளைச் சந்தையில் விலை விழுந்தால் லொறிக்கூலிகூடத் தேறாது. சரிவில் பாத்தி போட்டால் ஒரு பெருமழையில் மேல்மண் ஓடையில் கலங்கி ஓடும். ஜனவரி உறைபனி உருளைக்கிழங்கு இலையைக் கருக்கும். 2021இல் அரசு போட்ட இரசாயன உரத்தடை இரண்டையும் அடித்தது.

மண்ணையும் மழையையும் விட நில உரிமைதான் இதைத் தீர்மானிக்கிறது என்பேன். லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, பக்கத்தில் நாலு பாத்தி மட்டும் உள்ள குடும்பம் எதைத் தெரிவு செய்யும்? சொந்த நிலம் இருந்தால், சரிவில் தேயிலை, ஓடையோரச் சமநிலத்தில் மரக்கறி. சரிவில் மரக்கறிதான் என்றால் கல் வரம்பு கட்டிவிட்டே மண்வெட்டியைத் தொடுங்கள்.