அடுக்ககத்தில் நிறுத்திய காருக்குச் சேதம்: யாரிடம் கேட்பது?

சென்னை அடுக்ககமொன்றின் ஸ்டில்ட் தளத்தில் (தூண்கள்மேல் எழுப்பிய கட்டடத்தின் அடியில் உள்ள வாகன நிறுத்தத்தில்) நிறுத்திய கார் காலையில் நசுங்கிய பம்பரோடு நிற்கும்போது, உரிமையாளருக்கு மூன்று வழிகள் உள்ளன: இடித்தவரிடம் இழப்பீடு கேட்பது, சொந்தக் காப்பீட்டில் கோருவது, குடியிருப்போர் சங்கத்தைப் பொறுப்பாக்குவது. கோபத்தில் பலரும் முதலில் பாய்வது சங்கத்தின் மீதுதான்; சட்டப்படி பெரும்பாலும் வலுவற்ற வழியும் அதுவே.

மாதாமாதம் செலுத்தும் பராமரிப்புக் கட்டணம் பொது இடங்களைப் பேணுவதற்கானதே தவிர, வாகனத்தைக் காவலில் ஏற்பதற்கானது அன்று. சாவி உரிமையாளரின் சட்டைப்பையில் இருக்கும்வரை, கார் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டதாகக் கொள்வது கடினம். ஆனால் ஒன்றன் பின் ஒன்றாகக் கார்களை நிறுத்தும் குடியிருப்புகளில், வண்டியை நகர்த்துவதற்காகக் காவலாளியிடம் சாவியைக் கொடுத்துவைக்கும் வழக்கம் பரவலாக உண்டு. அங்கே நிலைமை மாறக்கூடும். 1998இல் டெல்லியில் தாஜ் மகால் ஓட்டலின் பணியாளரிடம் சாவியோடு ஒப்படைக்கப்பட்ட மாருதி ஜென் கார் திருட்டுப்போன வழக்கில், ‘வாகனம் உரிமையாளரின் பொறுப்பிலேயே நிறுத்தப்படுகிறது’ என்று சீட்டில் அச்சிட்டிருந்தும், தன் பக்கம் அலட்சியம் இல்லை என்று ஓட்டல்தான் நிரூபிக்க வேண்டும் என 2019இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அது கட்டணம் பெறும் ஓட்டல் பற்றிய தீர்ப்பு. அதை அப்படியே குடியிருப்போர் சங்கத்துக்குப் பொருத்திவிட முடியாது. ஆயினும், சாவி வாங்கிக்கொள்வதைச் சங்கமே ஏற்பாடாக வைத்திருந்தால், சுவரில் தொங்கும் அறிவிப்புப் பலகையை மட்டும் நம்பி அது ஒதுங்கிவிட இயலாது என்பதே என் கருத்து.

பொதுச் சொத்தின் பழுதால் சேதம் நேர்ந்தாலும் சங்கத்திடம் கேட்கலாம். மேற்கூரையின் சிமெண்ட் பூச்சு பெயர்ந்து வருவதைப் பலமுறை எழுத்தில் தெரிவித்தும் சரிசெய்யாமல், அது கார்மீது விழுந்தால் அலட்சியத்தைக் காட்டுவது எளிது. ரெரா எனப்படும் வீட்டுமனை, கட்டடத் துறை ஒழுங்குமுறைச் சட்டத்தின் வரம்புக்குள் வரும் கட்டடமாக இருந்து, வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டுகள் ஆகாதிருந்தால், கட்டுமானக் குறையைச் செலவு வாங்காமல் சரிசெய்யும் கடமை கட்டுநருடையது.

இடித்தவர் யாரென்று தெரிந்தால் அவரிடம் கேட்பதே நேர்மையான வழி. அவருடைய மூன்றாம் நபர் காப்பீடு, பிறர் சொத்துக்கு நேரும் சேதத்தை வழக்கமாக ரூ.7.5 லட்சம் வரை ஏற்கும். அதனால் அவருடைய நோ கிளெய்ம் போனஸும் (சொந்தச் சேதத்துக்குக் காப்பீடு கோராத ஆண்டுகளுக்காக பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) குறையாது. ஆனால் அதற்குக் காவல்துறைப் புகார், மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்று அலைய வேண்டும். அடுக்ககத்தின் உட்புறம் சட்டம் சொல்லும் ‘பொது இடம்’ ஆகுமா என்று காப்பீட்டு நிறுவனம் வாதிடவும் இடமுண்டு. ஒரு கதவின் டிங்கரிங், பெயிண்டிங் செலவுக்காக இவ்வளவு தூரம் போவது வீண். பணிமனையின் மதிப்பீட்டைக் காட்டிப் பணமாகப் பெற்று, அதை எழுத்தில் வைத்துக்கொள்வது போதும். சிசிடிவி பதிவு சில நாட்களில் அழிந்துவிடும் என்பதால், அதைப் பாதுகாக்கும்படி சங்கத்துக்கு அன்றே கடிதம் கொடுத்துவிட வேண்டும்.

இடித்தவர் தெரியாதபோது எஞ்சுவது சொந்த முழுக் காப்பீடு. இதில் பணம் கிடைப்பது உறுதி என்றாலும் விலை இல்லாமல் இல்லை. 50 சதவீத போனஸ் பெறுபவரின் சொந்தச் சேத பிரீமியம், போனஸைக் கழிப்பதற்கு முன் ஆண்டுக்கு ரூ.12,000 என்று கொள்வோம். ஒரு கோரிக்கைக்குப் பின் போனஸ் சுழியத்துக்கு இறங்கி, 20, 25, 35, 45 என ஏறி மீண்டும் 50ஐ எட்டுவதற்குள், பிரீமியம் மாறாதிருந்தாலும் அவர் இழக்கும் சலுகை மொத்தம் ரூ.15,000. இதோடு ஒவ்வொரு கோரிக்கையிலும் உரிமையாளரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவும், பிளாஸ்டிக் பாகங்களின் விலையில் தேய்மானமாகக் கழிக்கப்படும் 50 சதவீதமும் சேரும். ஆகவே சிறு கீறலுக்குக் கையிலிருந்து செலவழிப்பதும், பெரிய சேதத்துக்குக் காப்பீட்டை நாடுவதும்தான் கணக்குக்கு ஒத்துவரும்.

வெள்ளம் புகுந்தால் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நேர்ந்ததுபோல் தரைத்தளமே மூழ்கினால், மோட்டார் பம்பைச் சங்கம் பழுதாக விட்டிருந்தது என்று நிரூபிக்க முடிந்தாலொழிய, சொந்தக் காப்பீடு ஒன்றே கைகொடுக்கும். தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து கெடுத்துக்கொண்டால், எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு இல்லாதவருக்கு அந்தச் செலவு கிடைப்பது அரிது. நீர் வடிந்த பிறகும் சாவியைத் திருகாமல், காரை இழுவை வண்டியில் பணிமனைக்கு அனுப்ப வேண்டும்.